பெருவிரல் ரேகையும் பிறப்புப் பட்டியலும்

தமிழ்நாட்டு அரசின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்களின் பெயர்கள் உள்ளன. சாதிச் சான்றிதழ் தொடர்பாக உதவி நாடி வரும் மக்களோடு வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சென்றுள்ள ஆயர்கள் இப்பட்டியலைக் கண்டிருப்பர். பிற பட்டியல்களில் அரிதாகவே காணப்படும் ஒரு செய்தி இதில் மிகுதியாக உண்டு. சமூகத்தின் பெயருக்கு அருகே மாவட்டங்களின் பெயர்களும் குறிக்கப்பட்டிருக்கும். தோகமலைக் குறவர் அல்லது கேப்மாரி, ஊராளிக் கவுண்டர் முதலிய பெயர்களுக்கு எதிரே திருச்சிராப்பள்ளி, கரூர், பெரம்பலூர், புதுக்கோட்டை என்று எழுதப்பட்டிருக்கிறது. படையாட்சி என்ற பெயருக்கு எதிரே கடலூர், விழுப்புரம் என்று மட்டுமே உண்டு.

இக்குறிப்பை நிலப்படத்தின்மேல் வைத்துப் பார்ப்போருக்கு வியப்பு உண்டாகும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வடக்கெல்லையில் வெள்ளாறு ஓடுகிறது. வடகரை பழைய தென்னார்க்காடு மாவட்டம். தென்கரை பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுக்காக்கள். படையாட்சி மக்கள் இரு கரைகளிலும் வாழ்கின்றனர். பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றனர். எனினும் பட்டியலில் வடகரையாருக்கு இடமுண்டு; தென்கரையாருக்கு இல்லை. கோடையில் நடந்தே கடந்துவிடக்கூடிய ஓர் ஆறு, ஒரு மனிதன் பிறவிக் குற்றவாளியா அல்லனா என்பதைத் தீர்மானித்தது எவ்வாறு?

இவ்வினாவிற்கு விடை தேடுவோர் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாற்றிற்குள் நுழைந்தே ஆகவேண்டும். நாட்டுப்புறத்தில் அதனை ரேகைச் சட்டம் என்றனர், படித்தோர் சி. டி. ஆக்ட் என்றனர். மக்கள் இட்ட பெயரே பொருத்தமானது. ஏனெனில் அரசின் அதிகாரமும் அந்நாளின் புதிய அறிவியற் கருவியும் ஏழை மனிதனின் பெருவிரலில் சந்தித்ததுதான் அச்சட்டத்தின் கதை. அக்கதையில் நம் திருச்சபைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. அதனை நாம் அதிகமாகப் பேசுவதில்லை.

உப்பு மூட்டையும் இருப்புப்பாதையும்

குறவர் எனப்பட்ட மக்களில் பெரும்பகுதியினர் வணிகர்கள் என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். உப்புக் குறவர், கறிவேப்பிலைக் குறவர் என்னும் உட்பிரிவுப் பெயர்களே இதற்குச் சான்று. கடற்கரை உப்பைப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்று, தானியமாக மாற்றி, அதனை வேறோரிடத்தில் விற்பது அவர்களுடைய தொழில். வண்டித்தடம் இல்லாத ஊர்களுக்கு உப்பு அவர்கள் வழியாகவே வந்தது. அறுவடைக் காலத்தில் அவர்கள் வரவை உழவர் எதிர்பார்த்திருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாழ்வு குலைந்தது. உப்பு அரசின் தனியுரிமைச் சரக்காகி, அதன்மீது வரி ஏறியது. இருப்புப்பாதை வந்தபின் மூட்டைகள் இரயிலில் சென்றன. காடுகளை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது, மாடுகளுக்கு மேய்ச்சலும் கூடை முடைவோருக்கு மூங்கிலும் ஈச்சங்குருத்தும் தடையாயின. சென்னை மாகாணத்துக் குறவர்களைப் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா, குற்றப் பரம்பரை என்னும் முத்திரை இவ்வணிகத்தின் அழிவிற்குப் பின்னரே வந்தது என்பதை 2001இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். தொழிலை இழந்து அலைந்தவரை அரசு அலைந்து திரியும் இனத்தார் என்று எழுதிக்கொண்டது.

அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்களாக இருந்தவை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். பாளையங்களின் ஆட்சியில் ஊர்க்காவல் சில குடிகளின் பரம்பரை உரிமை. களவு போன பொருளை மீட்டுத் தருதல், இயலாவிடில் ஈடு கட்டுதல், அதற்காக விளைச்சலில் பங்கு பெறுதல் என்பன அதன் முறை. கும்பினி அரசு காவலைத் தன் சம்பளப் போலீசாரிடம் ஒப்படைத்தபின், பழைய காவற்காரர் கேட்ட கூலி மிரட்டிப் பணம் பறித்தல் எனப் பெயர் பெற்றது. காவற்காரர் யாவரும் களங்கமற்றவர் என்பது எமது கருத்தன்று. ஊரார் அவர்களுக்கு அஞ்சி வாழ்ந்த காலமும் உண்டு. ஆனால் சிலர் செய்த பிழையைக் குலத்தின் இயல்பாக்கி, பிறக்கப்போகும் குழந்தைமேலும் எழுதிவைப்பது வேறு செயல்.

மையும் தாளும்

1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைப் பணிக்குச் சரளை தர ஒப்பந்தம் செய்த ஒருவரின் கையில் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்புறம் பதிய வைத்தார். பின்னர் மறுத்துப் பேசாதிருக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். இவ்விளையாட்டுப் போன்ற தொடக்கத்திலிருந்து ஒரு கலை வளர்ந்தது. பிரான்சிஸ் கால்ட்டன் 1892இல் விரல்ரேகைகளைப் பற்றி நூல் எழுதினார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் நிறுவப்பட்டது. ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்களில் வேண்டியதை நொடியில் எடுக்கும் வகைப்பாட்டை அங்கே வகுத்தவர்கள் அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்திய ஊழியர்கள். ஆனால் அம்முறைக்கு அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயரே நிலைத்தது. இலண்டன் மாநகரப் போலீசார் 1901இல்தான் அதனை மேற்கொண்டனர். பேரரசின் தலைநகருக்குச் செல்லுமுன் அக்கருவி குடியேற்ற நாட்டின் மக்கள்மேல் சோதித்துப் பார்க்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

விரல்ரேகை தன்னளவில் தீயதன்று. குற்றமற்றவரைத் தூக்குமேடையிலிருந்து காத்த பெருமையும் அதற்கு உண்டு. அது ஒரு வினாவிற்கு மட்டுமே விடை தரும்: இவர் யார்? யாரைப் பற்றி அவ்வினாவைக் கேட்பது, எப்போது கேட்பது, கேட்டபின் விடையை எத்தனை காலம் வைத்திருப்பது என்பவற்றை ரேகை தீர்மானிப்பதில்லை. அவை சட்டத்தின் வேலை.

நீதிமன்றத்தின் வாயை அடைத்தமை

முதல் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் இயற்றப்பட்டது. அது வட இந்தியாவை மட்டும் நோக்கியது. தச்சன் மகன் தச்சனாவது போலக் கள்வன் மகன் கள்வனாவான். சாதி நாட்டில் குற்றமும் சாதித் தொழிலே என்பது அதனை ஆதரித்தோர் வாதம். நம் நாட்டின் சாதி அமைப்பைக் கண்டித்தவர்களே அதன் கோட்பாட்டைத் தங்கள் சட்டத்திற்கு அடித்தளமாக்கிக் கொண்டனர். 1911ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் அதனை நாடு முழுவதற்கும் விரித்தது. அப்போதுதான் சென்னை மாகாணம் அதன் ஆட்சிக்குள் வந்தது. 1924ஆம் ஆண்டின் ஆறாம் சட்டம் யாவற்றையும் தொகுத்து உறுதிப்படுத்தியது.

இதன் இயக்கம் எளிது. மாகாண அரசு ஒரு குலத்தையோ, கூட்டத்தையோ, ஒரு வகுப்பினரையோ குற்றப் பரம்பரை என அரசிதழில் அறிவிக்கும். மாவட்ட நீதிபதி அவர்களுடைய பெயர்ப் பதிவேட்டை எழுதச் செய்வார். பதியப்பட்டவர் அழைத்தபோதெல்லாம் ரேகை தரவேண்டும். பத்தாம் பிரிவின்படி ஒருவகையினர் குறித்த காலங்களில் காவல் நிலையத்திலோ கிராம அதிகாரியிடமோ ஆஜராகவேண்டும். மற்றொரு வகையினர் குடியிருக்கும் இடத்தையும் இடமாற்றத்தையும் அறிவிக்கவேண்டும். மதுரை மாவட்டத்தில் ஆடவர் இரவெல்லாம் காவல் நிலையத்திலே படுத்துறங்க நேர்ந்தது. வெளியூர் செல்ல இராதாரிச் சீட்டு வேண்டும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை தண்டிக்கப்படுவோருக்குச் சாதாரணச் சட்டத்தைக் காட்டிலும் பன்மடங்கு கடுமையான தண்டனை விதிக்கப்பட்டது. ஆறு வயதிற்கு மேற்பட்டு, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளில் வைக்கவும் 1924ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது.

இவற்றுள் எது கொடியது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இரவு ஆஜரையோ பிள்ளைப் பிரிப்பையோ பலர் சுட்டுவர். இக்கட்டுரையாளனின் எண்ணம் வேறு. சட்டத்தின் இருபத்தொன்பதாம் பிரிவே அதன் உயிர்நிலை. அறிவிக்கை செல்லுமா செல்லாதா என்பதை எந்த நீதிமன்றமும் வினவலாகாது என்றது அப்பிரிவு. ஒருவன் தான் திருடவில்லை என்று நிறுவலாம். தான் அக்குலத்தில் பிறக்கவில்லை என்றும் ஒருவேளை நிறுவலாம். ஆனால் அக்குலம் குற்றக்குலமன்று என்று எவரிடமும் சொல்ல முடியாது. கேட்கும் செவியே இல்லை. வெள்ளாற்றின் இரு கரைகளுக்கும் இடையே வேறுபாடு எழுந்ததும் இதனாலேதான். அறிவிக்கைகள் மாவட்டந்தோறும் காவல்துறையின் பரிந்துரையை ஒட்டிப் பிறந்தன. ஓர் அதிகாரி எழுதினார். மற்றோர் அதிகாரி எழுதவில்லை. காரணம் கூறவேண்டிய கடமை இருவருக்கும் இல்லை.

அந்தப் பதிவேடுகள் தமிழ்மொழிக்குள்ளும் புகுந்துவிட்டன. கேடி என்று நாம் வசைபாடும் சொல் 'நோன் டெப்ரடேட்டர்' என்னும் காவல்துறைக் குறியீட்டின் இரு எழுத்துகள். கேப்மாரி என்பது, மேலே கண்டபடி, அரசு பட்டியலில் உள்ள ஒரு மக்கட்கூட்டத்தின் பெயர். இவ்விரு சொற்களையும் நகைச்சுவைக்காகப் பிரசங்க பீடத்திலிருந்தே கேட்டிருக்கிறோம். சொன்னவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. அச்சொல்லைத் தன் பெயராகச் சான்றிதழில் சுமக்கும் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை அவர் அறியார்.

சேனையின் குடியிருப்புகள்

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். பதிவுசெய்யப்பட்டோரைக் குடியிருப்புகளில் அடைத்து வேலைக்குப் பழக்கவும் சட்டம் வழிசெய்தது. அக்குடியிருப்புகளை நடத்த அரசுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். இரட்சணிய சேனை முன்வந்தது. அதன் இந்தியத் தலைவர் ஃபிரெடரிக் பூத்-டக்கர் சாதாரண மனிதரல்லர். இந்திய சிவில் சர்வீஸ் பதவியை 1881இல் துறந்து, 1882இல் சேனையின் முதற்குழுவோடு பம்பாயில் வந்திறங்கியவர். காவியுடுத்து, வெறுங்காலுடன் நடந்து, ஃபக்கீர் சிங் என்ற பெயரும் பூண்டவர். 1908இல் கோரக்பூரில் அவர் முயற்சியால் முதற் குடியிருப்பு தோன்றியது. சென்னை மாகாணத்தில் 1910களில் குண்டூர்ப் பகுதியில் ஸ்டூவர்ட்புரம் எழுந்தது. மாகாண ஆட்சிக்குழு உறுப்பினர் ஹெரால்டு ஸ்டூவர்ட்டின் பெயரை அது தாங்கியது. தெலுங்கில் எருக்குலர் எனப்படும் குறவ மக்கள் அங்கே குடியேற்றப்பட்டனர். நெல்லூர் மாவட்டத்துக் காவலியில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் இத்தகைய குடியிருப்பை நடத்தியது. தென்னார்க்காட்டில் அஜீஸ் நகர்க் குடியிருப்பு அரசின் மேற்பார்வையில் இருந்தது.

மிஷனெரிகள் அங்கே செய்த நன்மைகளைக் குறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. நிலம் திருத்தினர், பள்ளி வைத்தனர், நோயுற்றோரைப் பேணினர். காவலரின் தடியடிக்கு அஞ்சி ஓடியவர்களில் சிலர் குடியிருப்பின் வேலிக்குள் ஓரளவு அமைதி கண்டனர் என்பதும் உண்மையே. ஸ்டூவர்ட்புரத்தில் குடியேறிய பலர் பின்னாளில் நிலவுடைமையாளர் ஆயினர். ஆனால் அதே மிஷனெரி, அரசு நியமித்த மேலாளர். காலையில் ஆஜர் எடுப்பவரும் அவரே. வெளியே செல்லச் சீட்டு வழங்குபவரும் அவரே. ஓடிப்போனவனைக் காவல்துறைக்கு அறிவிப்பவரும் அவரே. ஞாயிறன்று அருளுரை ஆற்றுபவரும் அவரே. கேட்போன் எழுந்து வெளியே போக உரிமையில்லாத இடத்தில் நற்செய்தி எத்தகைய பொருள் கொள்ளும் என்னும் வினா அக்கால மிஷன் அறிக்கைகளில் எழுந்ததாகத் தெரியவில்லை. குற்றத்தைக் குணமாக்கும் கலை ஒன்று உண்டு என்று நம்பி, பூத்-டக்கர் அதற்கொரு புதிய ஆங்கிலப் பெயரும் சூட்டினார். நோயாளி என்று கருதப்பட்டவனிடம் நோய் உண்டா என்பதை முதலில் கேட்க வேண்டாமா?

தாவீது செய்த குடிமதிப்பை நம் மாணவர் நன்கு அறிவர். 2 சாமுவேல் 24ஆம் அதிகாரமும் 1 நாளாகமம் 21ஆம் அதிகாரமும் அதனை யார் தூண்டினார் என்பதில் வேறுபடுவது விளக்கவுரையாளர்களின் பழைய சிக்கல். ஆனால் இரண்டு வரலாறுகளும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. வேண்டாம் என்று தடுத்தவன் தீர்க்கதரிசி அல்லன், படைத்தலைவனாகிய யோவாப். அரசனின் கையாளே, அரசனின் ஊழியத்தில் நின்றுகொண்டே, இதனால் பயன் என்ன என்று கேட்டான். கடைசியில் கட்டளையை நிறைவேற்றினான் என்பதும் உண்மைதான். குடியிருப்பு மேலாளர்களிடம் அவ்வளவு தயக்கமாவது இருந்ததா என்று தேடிப் பார்த்தால், விதிவிலக்குகளே கிடைக்கின்றன.

மறுபுறமும் ஒரு கிறிஸ்தவர் நின்றார். திருவாங்கூர்ச் செங்கன்னூரில் 1887இல் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸ்டராகி, மதுரையில் வாழ்ந்த ஜார்ஜ் ஜோசப் அவர். பிறமலைக் கள்ளர்மேல் இச்சட்டம் பாய்ந்தபோது அவர்களுக்காக வாதாடினார். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துக் கூடிய மக்கள்மேல் போலீசார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்மணி உட்பட 16 பேர் மாண்டனர். அம்மக்களுக்குத் துணைநின்ற ஜோசப்பைக் கள்ளர்கள் ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டனர். அவர் எவரையும் மதம் மாற்றவில்லை, குடியிருப்பு ஒன்றும் நடத்தவில்லை. சட்டப் புத்தகத்தைத் திறந்து, இது தவறு என்று சொன்னார். நம் மிஷன் வரலாற்று நூல்களின் பெயரகராதியில் பூத்-டக்கர் உண்டு. ஜோசப் பெரும்பாலும் இல்லை. 1938இல் அவர் மறைந்தார்.

ஒழிந்த சட்டமும் ஒழியாத ஏடும்

1936இல் நெல்லூரில் ஜவாஹர்லால் நேரு இச்சட்டத்தை வன்மையாகக் கண்டித்தார். தமிழகத்தில் முத்துராமலிங்கத் தேவர், ப. ஜீவானந்தம் முதலியோர் அதற்கெதிராகப் போராடினர். விடுதலைக்குச் சில வாரங்கள் முன்பாக, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1947ஆம் ஆண்டின் பதினொன்றாம் சென்னைச் சட்டம் மாகாணத்தில் அதனை நீக்கியது. நாடு முழுவதும் அது நீங்க 1952 ஆகஸ்ட் 31 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான விசாரணைக் குழுவின் பரிந்துரை அதற்கு வழிவகுத்தது.

கொண்டாட்டத்தின் இரைச்சலில் அடுத்த ஆண்டு நிகழ்ந்தது பலர் கவனத்தில் படவில்லை. 1948இல் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைச் சென்னை இயற்றியது. குலம் போய்த் தனிமனிதன் வந்தான். அது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவேடு, ரேகை, இருப்பிடம் அறிவித்தல், நடமாட்டத்திற்குக் கட்டு ஆகிய கருவிகள் அப்படியே தொடர்ந்தன. புதிய ஏட்டில் யார் பெயரை எழுதுவது என்று காவல் நிலையத்தில் முடிவெடுத்தவரின் மேசையில் பழைய ஏடும் இருந்தது. ஊரில் களவு நேர்ந்தால் முதலில் எந்தத் தெருவிற்குப் போவது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. சட்டத்தை நீக்கச் சட்டமன்றத்தில் ஒருநாள் போதும்; அந்தத் தெருவை மறக்கக் காவல் நிலையத்திற்கு ஒரு தலைமுறையும் போதவில்லை.

நள்ளிரவில் தட்டிய கதவு

தனிமனிதனின் அந்தரங்க உரிமை என்று இன்று நாம் பேசுவது மேல்நாட்டிலிருந்து வந்த ஓர் ஆடம்பரச் சரக்கு என்று எண்ணுவோர் உளர். இந்திய நீதிமன்றங்களில் அதன் வரலாற்றைத் தேடினால் காவல் நிலையத்துப் பதிவேட்டில்தான் போய் நிற்போம். உத்தரப் பிரதேசத்தின் கரக் சிங் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். எனினும் அவர் பெயரில் சரித்திர ஏடு ஒன்று திறக்கப்பட்டது. காவலர் இரவில் வந்து கதவைத் தட்டி, அவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துச் சென்றனர். 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகையைச் செல்லாது என்றது; மற்றக் கண்காணிப்பை ஏற்றுக்கொண்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி சுப்பா ராவ் அதனின்று மாறுபட்டார். பின்தொடரப்படுகிறோம் என்னும் உணர்வே மனிதனைச் சிறைப்படுத்தும் என்பது அவர் கருத்தின் சாரம்.

சுப்பா ராவின் சிறுபான்மைக் குரல் வெற்றிபெற ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஆதார் திட்டத்தை எதிர்த்து, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். நெருக்கடி நிலையின்போது, உயிருக்கும் உரிமைக்கும் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976இல் கூறிய தீர்ப்பையும் அதே நாளில் தள்ளினர். 1976இல் அத்தீர்ப்பில் இணைந்த நீதிபதிகளில் ஒருவர் ஒய். வி. சந்திரசூட், 2017இல் அதனைத் தள்ளி எழுதியவர் அவர் மகன் டி. ஒய். சந்திரசூட்.

இவ்வளவும் நன்மையே. ஆயினும் 2018 செப்டம்பரில் ஆதார் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று நியாய விலைக் கடையில் அரிசி வாங்கவும் விரலை இயந்திரத்தின்மேல் வைக்கவேண்டியுள்ளது. பருத்திக்காட்டிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் உழைத்தவர்களின் ரேகை தேய்ந்திருப்பதால் இயந்திரம் அவர்களை அறிந்துகொள்ள மறுப்பதும் உண்டு. அவர்களின் பாட்டனாருடைய ரேகையைக் காவல்துறை எடுத்தபோது இத்தகைய சிக்கல் ஏற்பட்டதில்லை!

2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், 1920ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. ரேகையோடு, கண்ணின் கருவிழிப் படலம், விழித்திரை, உடற்கூற்று மாதிரிகள், கையெழுத்து முதலிய பழக்க அடையாளங்களையும் எடுக்க அது அதிகாரம் தருகிறது. தண்டனை பெற்றவரோடு, கைதானவரும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவரும் அதனுள் அடங்குவர். பதிவுகள் 75 ஆண்டுகள் வைக்கப்படும். விடுதலையானவரின் பதிவு அழிக்கப்படவேண்டும் என்றும், நீதிமன்றம் வேறுவகையாகக் கட்டளையிடலாம் என்றும் அதில் உண்டு. 1911இன் சட்டத்தோடு இதனைச் சமமாக்கிப் பேசுவது மிகையாகும். இது குலத்தைக் குறிக்கவில்லை. நீதிமன்றத்தின் கதவும் மூடப்படவில்லை. ஆனால் யார் அடிக்கடி கைதாகிறார்கள் என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை. பழைய தெருவைப் பற்றிய பழைய நினைவே தீர்மானிக்கிறது. அந்நினைவிற்கு இப்போது காகித ஏட்டைக் காட்டிலும் நெடிய ஆயுள் கிடைத்துள்ளது. காகிதத்தைக் கரையான் தின்றது. ஒருவகையில் அதுவும் மன்னிப்பே.

உச்ச நீதிமன்றமே இதனை உணர்ந்துள்ளது. 2024 மே மாதத்தில், பிற்படுத்தப்பட்ட சமூகத்தவரின் பெயர்கள் சரித்திர ஏடுகளில் இயந்திரத்தனமாக எழுதப்படாதிருக்க மாநிலங்கள் தம் விதிகளை ஆராயவேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, ஒரு பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், சிறைகளில் நிலவும் சாதிப் பாகுபாடு அரசமைப்புக்கு முரணானது என்றும், சிறைப் பதிவேடுகளின் சாதிக் கட்டத்தை நீக்கவேண்டும் என்றும் கட்டளையிட்டது. சீர்மரபினரை வழக்கமான குற்றவாளி என்று சிறைக் கையேடுகள் மறைமுகமாகக் குறித்து வந்தமையையும் அத்தீர்ப்பு வெளிப்படையாகக் கண்டித்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கி 72 ஆண்டுகள் கழித்து இவ்வாறு சொல்லவேண்டி வந்தது.

பட்டியலின் மற்றொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. இன்று அம்மக்களே தம் பெயர் பட்டியலில் நிலைக்கவேண்டும் என்று விரும்புகின்றனர். கல்வியும் வேலைவாய்ப்பும் அதனைச் சார்ந்திருக்கின்றன. 1979இல் தமிழ்நாட்டில் சீர்மரபுப் பழங்குடியினர் என்னும் பெயர் சீர்மரபு வகுப்பினர் என மாற்றப்பட்டதை எதிர்த்து, பழைய பெயரை மீட்க அவர்கள் நெடுங்காலம் போராடினர். மத்திய அரசின் நலத்திட்டங்களுக்காக 2019இல் அது ஓரளவு மீட்கப்பட்டது. துன்புறுத்திய ஏடே இழப்பீட்டுக்கும் சான்றாக நிற்கிறது. கொடுமை நிகழ்ந்ததை மெய்ப்பிக்க அவர்களிடம் வேறு தாளில்லை.

அத்தாளுக்கு வெளியேயும் சான்றுகள் உள்ளன. ஆனால் அவை விரைந்து மறைந்து வருகின்றன. 1947இல் பத்து வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகிறார். கோடை விடுமுறைக் களப்பணிக்காக நம் மாணவர்கள் பெரம்பலூர், குன்னம், செந்துறை, உடையார்பாளையம் வட்டங்களின் சிற்றூர்களுக்கும் வெள்ளாற்றுக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கும் செல்கின்றனர். அவர்கள் இப்போது கொண்டுசெல்லும் வினாத்தாளில் சபையின் வளர்ச்சி பற்றிய கேள்விகளே நிறைந்துள்ளன. அதனோடு வேறு சில கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் தகப்பனார் இராதாரிச் சீட்டை எங்கே வைத்திருந்தார்? அதனை யார் எழுதிக் கொடுத்தார்கள்? ஆஜருக்குப் போன இரவுகளில் வீட்டில் யார் காவலிருந்தார்கள்? அக்காலத்தில் உங்கள் ஊருக்கு வந்த பாதிரியார் இதைப் பற்றி ஏதேனும் கேட்டாரா?